எழுதியவர் இருந்தால் வெளியே போகலாம்

வந்திருந்தவர்கள்: சூரியபிரகாஷ் சார், இயற்பியல் டியூஷன் எடுப்பவர், கூட்டம் நடக்கும் அறையும் அதன் சாவியும் அவருடையவை. கனகலட்சுமி அக்கா, தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை, எந்தக் கதையைக் கொடுத்தாலும் அதில் யார் சமைத்தார்கள் என்று கேட்பவர். பீமாராவ் அண்ணன், வக்கீல், கோரிப்பாளையத்தில் ஆபீஸ். பவதாரிணி, ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்பவள், அதிகம் பேசமாட்டாள். தங்கப்பாண்டி, அதாவது நான், இன்ஜினியரிங்கை மூன்றாம் வருடத்தோடு விட்டவன், ராத்திரி வேலை பார்ப்பவன்.

வராதவர்கள் எப்போதும் வராதவர்கள்தான். வாட்ஸ்அப்பில் மட்டும் கை தட்டுவார்கள்.

விளாங்குடியில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே இருக்கிறது சாரின் டியூஷன் சென்டர். மாதத்தின் கடைசி ஞாயிறு மத்தியானம் அங்கே பிள்ளைகள் வரமாட்டார்கள். நாங்கள் கூடுவோம். அறிவியல் புனைகதை மட்டும் படிக்கிற வட்டம். மதுரையில் இப்படி ஒன்று இருக்கிறது என்று சொந்தக்காரர்களிடம் சொன்னால், அதனால் என்ன பிரயோஜனம் என்பார்கள். ஒன்றும் கிடையாது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை எங்கள் பேச்சுக்கு மதிப்பு வரும். இணையத்தில் மட்டும் வெளியான நாவல், குறுநாவல்களில் நாங்கள் தேர்ந்தெடுக்கிற ஒன்றைப் பசுமலையில் அச்சகம் வைத்திருக்கும் நல்லகாமன் புத்தகமாகப் போடுவார். அவர் எதையும் படிக்கமாட்டார். "நீங்க அஞ்சு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக் குதறிட்டு ஒண்ணைக் கொண்டு வாரீங்கன்னா, அதுல ஏதோ இருக்கும்" என்பார்.

அந்த ஞாயிறு தேர்வு நாள். கடைசிச் சுற்றில் மூன்று கதைகள். அவற்றில் ஒன்று அச்சில் வந்தே ஆகவேண்டும் என்று எனக்கு இருந்தது. அதற்காகத்தான் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் பஸ் ஏறினேன். கதையின் பெயர் 'திறக்கட்டுமா'. எழுதியவர் பெயர் கண்ணுச்சாமி. யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. முதல் கதை போல இருந்தது. இங்கே தேர்வாகவில்லை என்றால் அது அந்த இணைய இதழின் அடியில் புதைந்துபோகும்.

எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கதையைப் பற்றிப் பேசும்போது அதை எழுதியவர் அறையில் இருக்கக்கூடாது. ஒவ்வொரு கதைக்கும் முன்னால் சார் எழுந்து நின்று, "எழுதுனவங்க இருந்தா வெளிய போகலாம்" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி உள்ளேயிருந்து பூட்டுவார். தாழ்ப்பாளைப் பிள்ளைகள் எப்போதோ பிடுங்கிவிட்டார்கள், அதனால் சாவிதான். பூட்டிய பிறகு எழுதியவர் உள்ளே இருந்தது தெரிந்தால் கதை அந்த வருடப் பட்டியலிலிருந்து போய்விடும். யாருக்காகவும் தளர்த்தியதில்லை.

இது சிவனாண்டி என்பவரால் வந்தது. செவ்வாய்க் கிரகத்துக்குக் குடிபோகிற நாவல் எழுதினார். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். கனகலட்சுமி அக்கா, "இறங்குற வரைக்கும் பஸ் டைம்டேபிள் படிச்ச மாதிரியே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டார். இருட்டும்வரை சண்டை. அடுத்த மாதம் ஒரு புரபசரைக் கூட்டிக்கொண்டு வந்து மறுபடி சண்டை. அதற்குப் பிறகு சாவி.

ஆனால் சாவியாலும் ஆகாத ஒன்று போன வருடம் நடந்தது. பவதாரிணி ஒரு குறுநாவல் கொடுத்திருந்தாள், சொந்தப் பெயரில். வழக்கப்படி வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். கதவு பூட்டியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் அவளுடைய டிபன் பாக்ஸிலிருந்து அதிரசம் எடுத்துத் தின்றுகொண்டே பேசினார்கள். குறை சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. பிறகு கதவைத் திறந்து "நல்லாருக்கு பவா" என்று சொல்லி உள்ளே கூப்பிட்டார்கள். கதை தேர்வாகவில்லை. ஏன் என்று அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கு அன்று ஷிஃப்டை நீட்டிவிட்டார்கள், வரமுடியவில்லை. அடுத்த மாதம் வந்தபோது அவள் எழுதுவதை விட்டுவிட்டாள் என்றார்கள். கூட்டத்துக்கு மட்டும் வந்துகொண்டிருந்தாள்.

முதல் கதைக்குச் சார் கதவைப் பூட்டினார்.

'சூடாறாத படுக்கை'. மூன்றில் இது ஒன்றுதான் முழு நாவல். வேறொரு நட்சத்திரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிற கப்பல். கட்டில்கள் போதாது. பகல் ஷிஃப்டும் ராத்திரி ஷிஃப்டும் ஒரே கட்டிலை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். தலைமுறைகள் போகின்றன. பகல்காரர்களும் ராத்திரிக்காரர்களும் இரண்டு தனி ஜனமாக ஆகிவிடுகிறார்கள், பேச்சு வேறு, சாப்பாடு வேறு, சாமி வேறு. கதாநாயகி ராத்திரிக்காரி. தன் கட்டிலில், தான் வேலைக்குப் போன பிறகு தூங்குகிறவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. தலையணையில் கிடக்கிற முடியும், படுக்கையில் மிச்சமிருக்கிற சூடும்தான் தெரியும். ஒருநாள் வேலை முடிந்து வந்து படுக்கிறாள். படுக்கை சில்லென்று இருக்கிறது.

"அந்த இடத்துல போனைக் கவுத்து வச்சுட்டேன்" என்றேன். "அதுக்கு மேல அன்னைக்குப் படிக்க முடியல. ராத்திரி வேலையைப் பத்தி எழுதுறவன் எல்லாம் நிலா, தனிமைன்னு எழுதுவான். இந்த ஆளுக்குத்தான் தெரிஞ்சிருக்கு, ராத்திரி வேலைன்னா அடுத்தவன் சூட்டுல உக்கார்றதுன்னு. என் நாற்காலி அப்படித்தான் இருக்கும்."

"கப்பல் சுத்துறதுல வர்ற எடையைக் கரெக்டா போட்டிருக்கார்" என்றார் சார். "மேல் தளத்துல நடந்தா லேசா இருக்கும், கீழ வந்தா கனக்கும். ஒரு இடத்துலகூடத் தப்பு விடலை. நான் கணக்குப் போட்டே பார்த்தேன்."

"நீங்க போடுவீங்க சார்" என்றார் பீமாராவ் அண்ணன். "பாவம், கதை எழுதுனவனுக்கும் ஹோம்வொர்க் திருத்தி அனுப்புவீங்க."

"சமையல் மூணாவது அத்தியாயத்துலயே வந்துருது" என்றார் அக்கா. "ராத்திரிக்காரங்களுக்குப் பழசுதான். அதைச் சொல்லிருக்கான். நான் ஒத்துக்கிறேன்."

குறை எல்லோருக்கும் ஒன்றுதான். கடைசி மூன்றில் ஒரு பங்கு சண்டை. இரண்டு ஜனமும் குழாய்களை உடைத்துக்கொண்டு மோதுகிறார்கள். அதுவரை மூச்சு விடுகிற சத்தம் கேட்கிற மாதிரி எழுதியவர், சண்டை வந்ததும் கத்த ஆரம்பித்துவிட்டார். இருந்தாலும் பெரிய நாவல். இந்த வருடம் இதைவிடப் பெரிய மனசோடு எழுதப்பட்ட ஒன்றை நான் படிக்கவில்லை. சார் தன் ஓட்டு இதற்கு என்றார். எதிர்பாராமல் பவதாரிணியும், "எனக்கும் கப்பல்தான்" என்றாள்.

இரண்டாவது கதைக்கு மறுபடி அதே வார்த்தை, அதே பூட்டு.

'போன வருசச் சத்தம்'. ஒரு தாலுகாவில் மட்டும் சத்தம் ஒரு வருடம் தாமதமாக வருகிறது. இன்றைக்குப் பேசினால் அடுத்த வருடம் இதே நாள் கேட்கும். அவ்வளவுதான் கதையின் பொய். அதை வைத்துக்கொண்டு அந்த எழுத்தாளர் ஒரு ஊரையே கட்டிவிட்டார். கல்யாணம் சத்தமில்லாமல் நடக்கிறது. சரியாக ஒரு வருடம் கழித்துச் சொந்தக்காரர்கள் எல்லாம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அந்த வெறும் மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்து நாதஸ்வரம் கேட்டுவிட்டு வருகிறார்கள். மொய் இரண்டாம் தடவை உண்டா என்று ஒரு சண்டை. சண்டைச் சத்தம் அதற்கு அடுத்த வருடம்.

"புருசன் பொண்டாட்டி சமாதானமாகி, பிள்ளையைத் தொட்டில்ல போட்டுக்கிட்டு இருக்காங்க" என்றார் அக்கா. "போன வருசம் ஒருத்தரை ஒருத்தர் ஏசுனது அப்பத்தான் வந்து வீட்டுக்குள்ள விழுது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம சோறு திங்குறாங்க. எனக்கு அந்த ஒரு பக்கம் போதும். என் ஓட்டு இதுக்குத்தான்."

பீமாராவ் அண்ணனுக்கு இதில் வருகிற கோர்ட் காட்சிகள் பிடித்திருந்தன. வாய்தா வாங்கினால் சாட்சி சொன்னது தானாகக் காதில் விழும் என்று ஜட்ஜ் காத்திருக்கிறார். "நம்ம ஊர்ல சத்தம் உடனே வருது, தீர்ப்புதான் லேட்டு" என்றார்.

எனக்கும் பிடித்தது. ஒரே ஒரு இடம் தவிர. நடுவில் ஒரு விஞ்ஞானி வந்து, இது ஏன் இப்படி நடக்கிறது என்று மூன்று பக்கம் வகுப்பெடுக்கிறார். கதை தன் பொய்யைத் தான் நம்பினால் போதும். விளக்கம் சொல்லத் தொடங்கினால் அதற்கே சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மூன்று பக்கத்தைக் கிழித்துவிட்டால் குறையே சொல்லமுடியாது என்றேன்.

"இவன் பாராட்டுறதே கிழிக்கிற மாதிரிதான்" என்றார் அக்கா.

சார் கதவைத் திறந்தார். மூன்றாவது கதைக்கு முன்னால் டீ. கீழே கடையில் ஃபிளாஸ்க்கில் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லி அவரே இறங்கிப் போனார். சாவி அவர் சட்டைப் பையில். கதவு அகலத் திறந்து கிடந்தது. திண்டுக்கல் ரோட்டு லாரி ஹாரன் உள்ளே வந்தது.

கணக்கு எனக்குச் சாதகமாக இல்லை. கப்பலுக்கு இரண்டு, சத்தத்துக்கு ஒன்று. பீமாராவ் அண்ணன் எந்தப் பக்கமும் சாயவில்லை. 'திறக்கட்டுமா' பக்கம் நான் மட்டும். அண்ணனையும் அக்காவையும் இழுக்கவேண்டும்.

இழுப்பதற்கு முன் அக்காவே ஆரம்பித்துவிட்டார். "இந்தக் கண்ணுச்சாமி யாருய்யா?"

"ரிட்டயர்ட் ஓவர்சியர்" என்றார் அண்ணன், யோசிக்காமல். "பொதுப்பணித் துறை. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வாய்க்கால் ஓரமா நடந்தே கதை யோசிக்கிற ஆளு. சம்சாரம் இல்லை. சுகர் இருக்கு."

பவதாரிணி சிரித்தாள். "சுகர் எப்படிண்ணே தெரியும்?"

"கதை முழுக்க அம்புட்டு டீ குடிக்கிறாங்க, ஒருத்தராவது சீனி போட்டாங்களா? பார்த்துப் படி தாயி."

டீ வரும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. தூக்கம் இல்லாத தலையில் எதையும் அடக்கிவைக்க முடியாது. நான் பேச ஆரம்பித்தேன்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் அந்தக் கதைக்கு ஏன் இப்படி அலைந்தேன் என்று புரியாது. வேறொரு நாட்டில் இருக்கிற கட்டடங்களின் தீ அபாய மணியும் லிஃப்ட் மணியும் இங்கே மதுரையில் என் திரையில் வந்து விழும். யாரைக் கூப்பிடுவது, எந்தக் கதவைத் திறப்பது, எல்லாவற்றையும் மெஷின் முன்பே முடிவு செய்திருக்கும். ஒரு மனிதன் பார்த்தான் என்று இருக்கவேண்டும், அது அந்த நாட்டுச் சட்டம். நான் 'பார்த்தேன்' என்று அழுத்துவேன். மாற்றிச் சொல்ல எனக்கும் ஒரு பட்டன் உண்டு. அதை இதுவரை தொட்டதில்லை.

'திறக்கட்டுமா'வில் மலையம்மாள் என்று ஒருத்தி. இன்னும் முப்பது நாற்பது வருடம் கழித்து, நம் பக்கத்துச் சமவெளி. ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கிற கண்மாய்களை எல்லாம் ஒரு மெஷின் பார்த்துக்கொள்கிறது. எந்த மதகை எப்போது திறப்பது என்பது அதற்குத் தெரியும். ஆனால் திறப்பதற்கு முன் ஒரு மனிதரிடம் கேட்கவேண்டும் என்று சட்டம். மலையம்மாள் மதகு அறையில் உட்கார்ந்திருக்கிறாள். மெஷின் "திறக்கட்டுமா?" என்று கேட்கும். அவள் "திற" என்பாள். பல வருடங்களாக அதுதான் வேலை. ஒரு மழைநாளில் மேல்மடை மதகைத் திறக்கட்டுமா என்று கேட்கிறது. "வேண்டாம்" என்கிறாள்.

"அந்த இடத்துல வேற எவனா இருந்தாலும் மெஷினைக் கெட்டவனாக்கியிருப்பான்" என்றேன். "அபாய விளக்கு எரியும், கதவு பூட்டிக்கும், சிவப்புக் கண்ணு முழிக்கும். இந்த ஆளு அதைச் செய்யல. அந்தச் சட்டத்துலயே இன்னொண்ணு இருக்கு, மனுசன் வேண்டாம்னா மெஷின் காரணம் கேக்கக்கூடாது. அதனால அது மத்ததெல்லாம் கேக்குது. சாப்பிட்டாயா. கால் வலி எப்படி இருக்கு. ஃபேன் வேகமா ஓடட்டுமா. தெரிஞ்சுக்கணும்னு அம்புட்டுத் தவிப்பு அதுக்கு. பதினாறு பக்கம் அப்படியே போகுது. இவளும் காரணம் சொல்ல மாட்டேங்கிறா. தமிழ்ல ஒரு மெஷினை இம்புட்டு மரியாதையா யாரும் எழுதி நான் படிச்சதில்லை."

"சாப்பிட்டாயான்னு கேக்குதே, அங்கதான் நான் விழுந்தேன்" என்றார் அக்கா. "அவ தூக்குவாளியைத் திறந்து காட்டுறா. புளிச்சோறு. அது கேமராவுல பார்த்துட்டு, 'நேற்றும் இதுவே' அப்படிங்குது. என் வீட்டுல ஒருத்தரும் அதைக் கவனிச்சதில்லைய்யா."

பீமாராவ் அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். சிரிப்பு போயிருந்தது. "மேல்மடையைத் திறந்தா மேல இருக்கிறவங்க வயலுக்குத் தண்ணி. திறக்கலைன்னா என்ன ஆகும்? கண்மாய் நிறையும். நிறைஞ்சா கலுங்கு வழியா வழிஞ்சு கீழ்க் கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து கடைமடைக்கு. கடைமடைல யாரு நிலம் இருக்கும்? மெஷின் நியாயமாத்தான் நடக்குது, பழைய ரெக்கார்டுல இருக்கிற வரிசைப்படி. அந்த ரெக்கார்டை எழுதுனது யாரு? அதான் கேஸே. கதைல ஒரு சாதிப் பேர் இல்லை, ஒரு தெருப் பேர் இல்லை. ஆனா அது எந்தத் தெருன்னு எனக்குத் தெரியுது. அந்த ஓவர்சியரு லேசான ஆளு இல்லை."

"அப்ப உங்க ஓட்டு?"

"இரு மாப்ள. அந்தக் கடைசிப் பக்கத்தைப் பத்தி நீ ஒண்ணுமே சொல்லலையே. அங்க எனக்குச் சோத்துல கல்லு மாதிரி ஒண்ணு இருக்கு."

எனக்கும் இருந்தது. மறைத்து ஓட்டு வாங்குவது என் பழக்கம் இல்லை. "கடைசிப் பக்கம் மோசம்" என்றேன். "விடியுது, தண்ணி கலுங்கைத் தாண்டுது, மெஷின் கடைசியா ஒருதரம் கூப்பிடுது, பதில் இல்லை, 'மதகு அறையில் விளக்கு அணைந்தது'ன்னு முடியுது. சாகடிச்சுட்டாரு. அம்புட்டுப் பெரிய வார்த்தை சொன்னவளை அதுக்கப்புறம் என்ன செய்யறதுன்னு தெரியல. பயந்துட்டாரு. பயந்தா ஆளைக் கொன்னுட்டுக் கண்ணீர் வாங்கிக்கலாம். சுலபம்."

"அதேதான்" என்றார் அக்கா. "நான் சத்தத்தை விட்டுட்டு இதுக்கு வந்திருப்பேன். அந்த ஒரு வரிதான் விடமாட்டேங்குது. ஏன்யா கொல்லணும், வேண்டாம்னு சொன்னதுக்கா?"

"அவ சாகலக்கா" என்றாள் பவதாரிணி.

"விளக்கு அணைஞ்சதுன்னு இருக்கே."

"அது ஆள் இல்லாட்டி தானா அணையுற லைட்டு. ரூம்ல அசைவு இல்லைன்னா அணைஞ்சிரும். அவ தண்ணியைப் பார்க்க எந்திரிச்சுப் போயிட்டா. இத்தனை வருசம் திற, திறன்னு சொன்னாளே தவிர தண்ணி போறதை ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. செருப்பைக்கூடப் போடாமப் போறா."

வேகமாகச் சொன்னாள். அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அடி, அது நல்லாருக்கே" என்ற அக்கா, போனை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எங்க இருக்கு அது? நான் எப்படி விட்டேன்?"

அக்கா விடவில்லை. அது எங்கேயும் இல்லை. அந்தக் கதையை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். விளக்கு எப்படிப்பட்டது என்று ஒரு சொல் கிடையாது. தண்ணீர் பார்த்ததில்லை என்று கிடையாது. செருப்பே கிடையாது. கதையில் இல்லாத செருப்பை எந்த வாசகரும் கழற்றமாட்டார்.

நான் பவதாரிணியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீமாராவ் அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த கதவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். ஆயிரம் சாட்சிகளைப் பார்த்த முகம். அவருக்கும் தெரிந்துவிட்டது.

படிக்கட்டில் சாரின் செருப்புச் சத்தம் கேட்டது.

அவள் ஏன் இப்படிச் செய்தாள் என்பதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. போன வருடம் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். இந்த வருடம் கண்ணுச்சாமி என்று ஒரு கிழவனைப் போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து கேட்க வந்திருக்கிறாள். கப்பலுக்கு ஓட்டுப் போட்டதும் நடிப்பு இல்லை. கப்பல் நல்ல நாவல்.

ஆனால் இப்போது சார் வருவார், அந்த வார்த்தையைச் சொல்வார், பூட்டுவார். பூட்டிய பிறகு அவள் உள்ளே இருந்தால், எப்போது தெரிந்தாலும் கதை போய்விடும். இன்றைக்கு நானும் அண்ணனும் வாயை மூடிக்கொள்ளலாம். அச்சான பிறகு பெயர் வெளியே வந்தால், நல்லகாமன் அந்தப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்டு எங்கள் வட்டத்துக்கும் ஒரு கும்பிடு போடுவார். எழுந்து போனாலோ, அவள்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மறுபடியும் அதிரசம். மறுபடியும் "நல்லாருக்கு பவா".

சார் ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். "என்ன, எல்லாரும் கம்முனு இருக்கீங்க? ஆரம்பிச்சுட்டீங்களா?"

"இல்லை சார்" என்றேன். "மூணாவது கதையை இன்னும் ஆரம்பிக்கல."

"என்னடா ஆரம்பிக்கல?" என்றார் அக்கா, போனிலிருந்து தலையைத் தூக்கி. "இம்புட்டு நேரம் நீ தொண்டை கிழியப் பேசுனது என்னவாம்?"

"கதவு திறந்து கிடந்துச்சுக்கா" என்றார் பீமாராவ் அண்ணன். கோர்ட்டில் பேசுகிற குரல். "சார் இல்லை, சாவி இல்லை, பூட்டு இல்லை. அது பேச்சுல சேராது. டீக்கு முந்தின வம்பு. பதிவுல கிடையாது."

"அது சரிதான்" என்றார் சார். முறை என்று சொன்னால் அவர் எதற்கும் சம்மதிப்பார். "டீயைக் குடிச்சுட்டு முறைப்படி ஆரம்பிப்போம். சீனி தனியா வாங்கிட்டு வந்திருக்கேன், வேணுங்கறவங்க போட்டுக்கங்க."

காகிதக் கப்களில் டீ ஊற்றினார். அக்கா மறுபடி போனில் விளக்கைத் தேட ஆரம்பித்தார். பவதாரிணி தன் கப்பை எடுக்க என் பக்கமாகக் குனிந்தாள்.

"போனா தெரிஞ்சிரும்ணே" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "போன வருசம் மாதிரி ஆயிரும்."

"ஆகாது" என்றேன். "கடைசிப் பக்கம் மோசம். நீ உள்ள இருந்தாலும் அதான், வெளிய போனாலும் அதான். அந்த லைட்டை முதல் அத்தியாயத்துலயே அணைச்சுக் காட்டியிருக்கணும். உன் மனசுல எரிஞ்சா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் இரண்டு ஸ்பூன் சீனி போட்டுக் கலக்கினாள். ரொம்ப நேரம் கலக்கினாள்.

சார் கப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கதவருகே போனார். எப்போதும் சொல்லிக்கொண்டே பூட்டுவார், பழக்கத்தில் யாரையும் பார்க்கமாட்டார்.

"சார்" என்றேன். "சொல்லிட்டு ஒரு நிமிசம் நில்லுங்க. உடனே பூட்டாதீங்க."

"ஏம்ப்பா?"

"நில்லுங்க, அம்புட்டுத்தான்."

சார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கதவின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் ஐம்பது பேர் இருப்பது போல அறையைப் பொதுவாகப் பார்த்துச் சொன்னார். "எழுதுனவங்க இருந்தா வெளிய போகலாம்."

நின்றார்.

கீழே பேட்டரிக் கடையில் யாரோ இரும்பைத் தட்டினார்கள். அக்காவின் விரல் போனில் மேலே போய்க் கீழே வந்தது. பீமாராவ் அண்ணன் டீயை ஊதினார், அது ஆறிப்போயிருந்தது.

பவதாரிணி எழுந்தாள். கைப்பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, டீக் கப்பை மட்டும் எடுத்துக்கொண்டாள். சிந்தாமல் நடந்தாள்.

"எங்கடி போற, இப்பத்தானே ஆரம்பிக்கிறோம்?" என்றார் அக்கா.

"படியில இருக்கேன்க்கா."

அக்கா போனைப் பார்த்தார், அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். "அட கண்ணுச்சாமி" என்றார் மெதுவாக.

சாருக்கு அப்போதுதான் விளங்கியது. விலகி வழிவிட்டார், பெரியவர் ஒருவருக்கு விடுவது போல. வாசற்படியில் பவதாரிணி ஒரு கணம் நின்று திரும்பினாள். யாரையும் தனியாகப் பார்க்கவில்லை. "அதிரசம் கொண்டு வரல" என்றாள்.

"நல்லதாப் போச்சு" என்றேன்.

அவள் போய்விட்டாள். நால்வர் மிச்சம் இருந்தோம். பேச வேண்டியதை எல்லாம் மறுபடி முதலிலிருந்து பேசவேண்டும். கடைசிப் பக்கத்திலிருந்தே ஆரம்பிப்பது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

"ஒரு திருத்தம்" என்றார் பீமாராவ் அண்ணன், பொட்டலத்தில் குறைந்திருந்த சீனியைக் காட்டி. "ஓவர்சியருக்குச் சுகர் இல்லை."

சார் கதவைச் சாத்தினார். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டிவிட்டு, பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.